தலைமுடியில் மெத்தில் பாதரசத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அடிக்கடி கடல் மீன் சாப்பிடுபவரின் தலைமுடியை வைத்து, உடலில் சேர்ந்த பாதரசத்தைக் கண்டறியலாமா?

தாராளமாக. மீன் வழியாக வருவது பெரும்பாலும் மெத்தில் பாதரசம், அதாவது கார்பனோடு சேர்ந்த பாதரசச் சேர்மம். முடி வளரும்போதே அது கெரட்டின் புரதத்திலுள்ள கந்தகத்தோடு பிணைந்துவிடுகிறது. பிறகு எளிதில் வெளியேறாது. ரத்தத்தைவிட முடியில் அதன் செறிவு சுமார் 250 மடங்கு. முடி மாதம் ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், பிடரியில் தோலை ஒட்டி வெட்டிய 3 செ.மீ. துண்டு கடந்த மூன்று மாதங்களின் கதையைச் சொல்லும். வேர்ப்பக்கம் எது என்று நூல் கட்டி அடையாளம் வைக்காவிட்டால் மாதவாரிக் கணக்கு தப்பிவிடும்.

கழுவி உலர்த்திய முடியை எரித்து, வரும் பாதரச ஆவியைத் தங்கத்தில் பிடித்து, சூடாக்கி விடுவித்து, அது 253.7 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் மொத்தப் பாதரசம் தெரியும். பாதரசச் சேர்மங்களைத் தனித்தனியாக அறிய, அமிலத்தில் பிரித்தெடுத்து, கலவையைக் கூறுகூறாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபி வழியாக அனுப்பிய பிறகே அளக்க வேண்டும். மீன் உண்பவருக்கு மொத்த அளவே போதும் என்பேன், செலவும் குறைவு. ஒரு கிராம் முடிக்கு 1 மைக்ரோகிராம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பை ஒட்டிய அளவு.

இதையே, தூசியிலிருந்து தங்கம் பிரிக்கப் பாதரசம் தொடும் கோவைப் பட்டறைக்காரர் ஒருவர் கேட்டால் பதில் வேறு. காற்றிலுள்ள ஆவி முடியின் மேலும் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் முழுதாகப் போகாது. பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் பூசுபவருக்கும் இதே சிக்கல்தான். இவர்கள் சோதனைக்குக் கொடுக்க வேண்டியது சிறுநீர்.