கல்யாண நாள் விருந்து வீண் செலவா?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. இருவரும் வேலைக்குப் போகிறோம். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இதுவரை போகாத ஒரு நவீன உணவகத்துக்குப் போவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். முதலில் சின்ன அளவில்தான் ஆரம்பித்தோம். போன வருடம் எட்டு கோர்ஸ் டேஸ்டிங் மெனு (சமையல்காரரே தேர்ந்தெடுத்து, சின்னச் சின்ன அளவில் எட்டு வகையை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது) வரை போய்விட்டது. எங்கள் இருவரின் ஒரு மாதக் கைச்சம்பளத்தில் கால் பங்கு அந்த ஒரு இரவுக்கே செலவானது. கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு ஆறு மாதம் கட்டி முடித்தோம். இன்னும் எட்டு மாதத்தில் பத்தாவது கல்யாண நாள். எல்லோரும் பேசும் ஓர் உணவகத்தின் பெயரைச் சொல்லி அங்கேதான் போகவேண்டும் என்கிறார் கணவர். மாதச் சம்பளத்தில் 40 சதவீதம் ஆகுமாம். என் அண்ணனோ, "வருடா வருடம் அந்தக் கால் பங்கை முதலீடு செய்தால் 20 வருடத்தில் ஒரு வருடச் சம்பளமே சேர்ந்துவிடும்" என்கிறார். சம்பளத்தில் 20 சதவீதம் சேமிக்கிறோம். அவசரத்துக்கு என்று கையில் இருப்பது ஒரு மாதச் செலவுக்கான பணம்தான். சமைக்க முடியாத நாட்களில் வெளியே சாப்பிடுவது, ஆப்பில் ஆர்டர் செய்வது எல்லாம் சேர்த்து மாதம் 12 சதவீதம் போகிறது. நாங்கள் போகலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடும். சரி என்றால் எனக்குத் தூக்கம் வராது.

பதில்: போங்கள். ஆனால் இந்த முறை கார்டில் கடன் வைக்காமல் போங்கள். அந்தப் பெரிய உணவகத்துக்கு இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் போகலாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் அண்ணனின் கணக்கைப் பார்ப்போம். உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை 25 போட்டு, வருடம் 8 சதவீதம் வளர்ந்தால், 20 வருடத்தில் சுமார் 1,144 ஆகும். உங்கள் வருடச் சம்பளம் 1,200. ஆக, அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். அவர் விட்டுவிட்டது விலைவாசியை. அது வருடம் 5 சதவீதம் ஏறினால், அன்றைய 1,144-க்கு இன்றைய மதிப்பு 430 சொச்சம், அதாவது நாலேகால் மாதச் சம்பளம். அதுவும் சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது கல்யாண நாட்களை விட்டுக்கொடுத்தால்தான் அது கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா?

அதே கணக்கை உங்கள் கடிதத்தில் வரும் இன்னொரு எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள். வெளிச் சாப்பாட்டுக்கும் ஆர்டருக்கும் மாதம் 12 என்றால் வருடம் 144. கல்யாண நாள் சாப்பாட்டைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. போன மாதம் மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை இரவு எதை ஆர்டர் செய்தீர்கள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? எனக்குத் தெரிந்து யாராலும் முடியாது. ஆனால் ஒன்பது கல்யாண நாளில் எந்த வருடம் எங்கே உட்கார்ந்தீர்கள், அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பது வரை உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வீட்டு வரவுசெலவில் ஓட்டை அந்த 144-ல்தான் இருக்கிறது. அண்ணன் கண்ணில் 25 பட்டதற்குக் காரணம், அது ஒரே பில்லாக வந்ததுதான்.

பொருளுக்குச் செலவழிப்பதைவிட அனுபவத்துக்குச் செலவழிப்பதே அதிக மகிழ்ச்சி தருவதாகப் பலரும் சொன்னார்கள் என்று வான் போவன், கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். என்னிடம் வரும் தம்பதிகளிடமும் இதைப் பார்க்கிறேன். அதனால் 'வீண்' என்ற வார்த்தையை இந்தச் சாப்பாட்டுக்கு நான் சொல்லமாட்டேன். அதற்கு எப்போது பணம் கட்டினீர்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

25-ஐ ஆறு மாதம் கட்டினீர்கள். கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்தால், சம தவணையில் நீங்கள் கட்டியது மொத்தம் 27.7. சாப்பாட்டு விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டி மட்டும். இதைவிட மோசமான ஒன்றும் நடந்திருக்கும். கார்டில் பாக்கி நிற்கும்போது, பல கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. அந்த ஆறு மாதமும் நீங்கள் வாங்கிய மளிகைக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியிருக்கலாம். பழைய ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்து 'வட்டி' என்ற வரியை மட்டும் கூட்டிப் பாருங்கள். மாதம் 3 சதவீதத்தில், கட்டாமல் விட்ட கடன் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். சாப்பாட்டைத் தவணையில் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். மூன்று மணி நேரத்தில் முடிந்துபோகும் ஒன்றுக்கு ஆறு மாதக் கடன் ஆகாது. வட்டியில்லாத் தவணை என்றாலும் நான் சரி சொல்லமாட்டேன்.

இப்போது அந்த 40. உங்கள் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அது மெனுவில் போட்ட விலையா, கடைசியில் கட்டும் பில்லா?

இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம். ஓர் உதாரணக் கணக்கு, இதில் வரும் 100 உங்கள் சம்பளக் கணக்கின் 100 இல்லை. மெனுவில் ஆளுக்கு 100, இருவருக்கு 200 என்று இருக்கட்டும். ஒருவர் மட்டும் ஒவ்வொரு கோர்ஸுக்கும் பொருத்தமான பானம் கேட்கிறார், 60. நடுவில் ஒரு ஸ்பெஷல் கோர்ஸ் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள், ஆளுக்கு 20, அது 40. பாட்டில் தண்ணீர் 10. ஆக 310. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேர்ந்தால் 341, அதன்மேல் 5 சதவீதம் வரி சேர்ந்தால் 358. போகவர டாக்ஸி 12. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மனதில் இருந்தது 200, திரும்பி வரும்போது போனது 370. உங்கள் ஊரில் இந்த விகிதங்கள் மாறலாம், ஆனால் வரிசை இதேதான்.

அந்த மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் "தண்ணீர் எது வேண்டும்?" என்று கேட்பார்கள். அப்போது மெனுவே உங்கள் கையில் இருக்காது. பிறகு தடித்த காகிதத்தில் அழகான மெனு வரும். விலை வெறும் எண்ணாக இருக்கும், பக்கத்தில் பணக்குறி இருக்காது. 'வரியும் சேவைக் கட்டணமும் தனி' என்பது கீழே, மங்கிய வெளிச்சத்தில் படிக்க முடியாத எழுத்தில் இருக்கும். குறி இல்லாததற்கும் ஒரு விளைவு உண்டு. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சமையல் கல்லூரி உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடம் மூன்று விதமான மெனுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். டாலர் குறியோடு ஒன்று, டாலர் என்று எழுத்தில் எழுதியது ஒன்று, வெறும் எண் மட்டும் ஒன்று. வெறும் எண்ணைப் பார்த்தவர்கள்தான் மற்ற இரு பிரிவினரையும்விட அதிகம் செலவழித்தார்கள். 2009-ல் வந்த ஆய்வு அது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, அது அவர்கள் தொழில். நாம் முன்கூட்டியே எண்ணை முடிவு செய்துகொண்டு போகவேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் கல்யாண நாளன்று அப்படி ஓர் இடத்துக்குப் போனோம். ஸ்பெஷல் கோர்ஸ் வேண்டுமா என்று கேட்டபோது, அது மெனுவிலேயே சேர்த்தி என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். பில் ஒரு சின்ன தோல் உறைக்குள் வந்தது. திறந்து பார்த்தேன், கார்டை வைத்தேன், மூடினேன். "ரொம்ப ஆச்சா?" என்று மனைவி கேட்டாள். "இல்லை" என்றேன். திரும்பும் வழியில் டாக்ஸியில் இருவரும் பேசவே இல்லை. அந்தத் தொகை எனக்கு இன்று நினைவில் இல்லை. அந்த 'இல்லை' மட்டும் இன்னும் உறுத்துகிறது. அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் அவளே பார்த்துவிட்டாள். பணத்துக்காக அவள் கோபப்படவில்லை, மறைத்ததற்காகத்தான் கோபப்பட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் போவதற்கு முன்பே, எவ்வளவு வரை என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிவிடுகிறோம்.

சரி, உங்கள் எட்டு மாதத்துக்கு வருவோம். அந்த 12-ஐ 10 ஆக்குங்கள். அதாவது ஆறு ஆர்டரில் ஒன்றை விடுங்கள். முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது நடக்காது, இரண்டாவது வாரமே உடைந்துபோகும். மிச்சமாகும் 2, சம்பளம் வந்த மறுநாளே தானாகத் தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். அந்தக் கணக்குக்குக் கார்டு வேண்டாம், ஆப்பில் கல்யாண நாள் என்றே பெயர் வையுங்கள். எட்டு மாதத்தில் 16 இருக்கும். இந்த வருடம் அந்த 16-க்குள் எல்லாம் அடங்கும் ஓர் இடத்தைத் தேடுங்கள்.

மாதம் சேமிக்கும் 20-ஐ இந்த எட்டு மாதமும் வேறெங்கும் போடாமல் அவசரகால நிதிக்கே கொடுங்கள். உங்கள் மாதச் செலவு 80. கையில் இருப்பது 80. எட்டு மாதத்தில் 160 சேரும். பத்தாவது கல்யாண நாள் அன்று மூன்று மாதச் செலவு கையில் இருக்கும். உங்கள் தூக்கத்துக்கு மருந்து இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாதப் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு 40-ஐ ஒரே இரவில் கொடுக்கப் பயப்படுகிறீர்களே, அந்தப் பயம் நியாயமானது. அது கஞ்சத்தனம் இல்லை என்று உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள்.

அவர் ஆசைப்படும் உணவகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இன்றிலிருந்து பதினொன்றாவது கல்யாண நாள் வரை 20 மாதம். மாதம் 2 என்றால் 40. இந்த வருடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே எளிமையாகச் சாப்பிட்டு, அதை அன்றாடச் செலவிலேயே முடித்துக்கொண்டு, கணக்கைத் தொடாமல் விட்டால் அடுத்த வருடம் அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பைசா கடனில்லாமல் போகலாம். இல்லை, பத்தாவதுதான் முக்கியம் என்று அவர் நினைத்தால், அங்கேயே மதியத்தில் மேசை இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிப்பட்ட உணவகங்கள் பலவற்றில் மதிய மெனுவில் கோர்ஸ் குறைவு, விலையும் குறைவு. சமையலறை அதேதான். பானத்தை விட்டுவிட்டாலே பில் நன்றாக இறங்கும். இந்த வருடம் 16-க்குள் மதியச் சாப்பாடு போதுமா, அடுத்த வருடம் 40-க்கு இரவுச் சாப்பாடு வேண்டுமா என்று நீங்கள் இருவரும்தான் உட்கார்ந்து பேசவேண்டும், அதில் நான் நுழையமாட்டேன்.

முன்பணம் கேட்டால் பயப்படாதீர்கள். 2011-ல் சிகாகோவில் திறந்த நெக்ஸ்ட் என்ற உணவகம், நாடக டிக்கெட் மாதிரி சாப்பாட்டுக்கே டிக்கெட் விற்றது. அதற்குப் பிறகு பல இடங்களில் இது பழகிவிட்டது. எனக்கு இது பிடித்த முறை. விடுமுறைப் பயணம் மாதிரியான இன்பங்களுக்கு முன்பே பணம் கட்டிவிடுவதைத்தான் பலர் விரும்புகிறார்கள் என்று ப்ரெலெக், லோவன்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் எழுதினார்கள். கட்டி முடித்த சாப்பாடு இலவசம் மாதிரி இருக்கும். கட்டாத சாப்பாட்டில் ஒவ்வொரு கவளத்திலும் பில் எட்டிப் பார்க்கும். ஆனால் சேமித்து முடித்த பிறகு, நாள் நெருங்கும்போது கட்டுங்கள். ஒரு வருடம் முன்பே கிஃப்ட் வவுச்சர் வாங்கி வைக்காதீர்கள். அதற்குக் காலாவதி தேதி உண்டு, உணவகத் தொழிலில் கடையை மூடுவதும் சகஜம். மூடிவிட்டால் வவுச்சர் வைத்திருப்பவர் அந்த உணவகத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில்தான் நிற்கவேண்டியிருக்கும்.

டேபிள் புக் செய்யும் முன் போன் போட்டு, இருவருக்கு வரி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், தினமும் கேட்கப்படும் கேள்விதான். சர்வீஸ் சார்ஜ் உண்டென்றால் அதற்குமேல் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் முன்பணம் திரும்பக் கிடைக்கும், தேதியை மாற்ற முடியுமா, வர முடியாவிட்டால் வேறு யாருக்காவது மேசையைக் கொடுக்கலாமா என்று கேட்டு, பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் இரண்டு பேருக்கான முழுத் தொகையும் போகும் இடங்கள் உண்டு.

அவர்கள் சொல்லும் எண்ணை அன்று மாலையே உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் 40 என்று சொன்னது எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.