கிளினிக் கொப்பியும் மருத்துவமாதின் பதிவேடும்

வணக்கம் அக்கா,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வைத்தியசாலைகளுக்குக் கூடுதல் நிதி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கட்டடமும் கட்டிலும் இருக்கின்றன. சனம் மட்டக்களப்பு நகரத்துக்குத்தான் போகிறது. முதலில் நிர்வாகத்தைத் திருத்தட்டும். இப்படியே காசு கொட்டி என்ன பயன்?

ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

கட்டில்கள் வெறுமையாகக் கிடப்பது உண்மை. ஆனால் சனம் ஏன் அதைத் தாண்டிப் போகிறது? நான் அறிந்த ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்க வசதியில்லை. டொக்டர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வரும்வரை கிளினிக்கும் ஒழுங்காக நடக்காது. வேறு டொக்டர் அனுப்பும் துண்டு இல்லாமலே எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்பது நம் நாட்டு வழக்கம். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின் நகரமும் கிட்டவாகிவிட்டது. ஆகவே பிறசருக்கும் சீனி வருத்தத்துக்கும் அதே குளிசைகளை வாங்க, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கூலிக்காரர் மாதாமாதம் நகரத்துப் பெரியாஸ்பத்திரியான போதனா வைத்தியசாலைக்குப் போகிறார். பஸ் காசோடு அன்றைய கூலியும் போய்விடும். இது எந்தப் பாதீட்டுக் கணக்கிலும் வருவதில்லை.

அதே ஊரில் ஒரு பெண் கர்ப்பமானால் நடப்பதைப் பாருங்கள். மருத்துவமாது பதிவேட்டில் பெயர் எழுதுகிறார், வீடு தேடி வருகிறார். கிளினிக்குக்குப் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் நோய்த்தடுப்புக்கென ஆட்களைப் பொறுப்பாக வைக்கும் சுகாதாரப் பிரிவு முறை 1926இல் களுத்துறையில் தொடங்கியது; அதன் பலன் இது. மலேரியாவையும் இப்படித்தான், காய்ச்சல்காரரைத் தேடித்தேடி ஒழித்தோம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே தந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் தகப்பன் மூன்று மாதம் குளிசை போடாமல் விட்டால் கேட்க யாருமில்லை. கை கால் விழுந்த பிறகு அம்புலன்சில்தான் அவரைக் காண்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வேண்டுகிற சீர்திருத்தம் இதுதான்: ஒவ்வொரு குடும்பமும் கிட்டிய ஆஸ்பத்திரியில் பதிவாக வேண்டும், நாட்பட்ட வருத்தத்துக்கு மருந்து அங்கேயே கிடைக்க வேண்டும், வராதவரைத் தேடிப் போக வேண்டும். இதற்குப் பெரிய தடை, போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழும் கிராமத்து ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கீழும் இருப்பது. பணப்பை இரண்டு, நோயாளி ஒருவர். (கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்ததோடு, இதைப் போய்க் கேட்க நாம் தெரிவுசெய்த உறுப்பினரும் இல்லாமல் போனார்.)

ஆனால் தம்பி, தேடிப் போகிறவருக்குச் சம்பளம் வேண்டும். ஆய்வுகூடத்துக்கு ஆள் வேண்டும், மருந்தாளர் வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டபோது நல்ல நிர்வாகம் நடந்த ஆஸ்பத்திரிகளும் வெளிப் பாமசியில் வாங்கச் சொல்லித்தான் மருந்துத் துண்டு எழுதின. ஆகவே காசு கேட்பதை நான் விடமாட்டேன். இன்னொரு மாடி கட்டவென்றால் வேண்டாம். மகிழடித்தீவு போன்ற படுவான்கரை ஊர்களில் கிளினிக் நிற்காமல் நடக்கத் தேவையான ஆட்களுக்கும் மருந்துக்கும் கொடுக்கட்டும்.

அன்புடன்,
அக்கா