நீரியல் படிப்பும் ஊற்றுத் தண்ணீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் சாயல்குடி அருகே அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தண்ணீர் பற்றிய அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். தனியார் கல்லூரி ஒன்றில் அதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. சில லட்சங்கள் ஆகும். கடன் வாங்கிச் சேர்க்கலாமா? வேலை கிடைக்குமா? தூரத்துக்கு அனுப்பவும் தயக்கமாக உள்ளது. வெளிநாட்டுப் படிப்பு சரிவருமா?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

கடன் வாங்க வேண்டாம். வெளிநாட்டுப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். தூரம் என்று தயங்குவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு எத்தனை தூரமும் நடக்க விடுகிற நாம், அதே பெண் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுவதற்கு மட்டும் ஏன் கூடிக்கூடி யோசிக்கிறோம்?

வாலிநோக்கம் பக்கம் வாழ்ந்த என் அத்தை, கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் கசிந்து ஊறும்வரை குந்தியிருந்து, சிரட்டையால் மேலாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவார். யாராவது அவசரப்பட்டு ஆழப்படுத்தினால், "தோண்டாதே, உப்பு ஏறிரும்" என்று அதட்டுவார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. மழைநீர் கடல்நீரைவிட இலேசானது என்பதால் கரையோர மணலுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்று கெய்பன் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கணக்கிட்டார்கள். மோட்டார் வைத்து அந்த மேல்மட்டத்தை இறக்க இறக்க, உப்பு பல மடங்கு மேலேறி வரும். நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்தது. ஆனாலும் குடம் அடுக்கிய தள்ளுவண்டிகள் நம் தெருக்களைவிட்டுப் போகவில்லை. உங்கள் மகள் ஏன் இதைப் படிக்க விரும்புகிறாள் என்று எனக்குப் புரிகிறது. வேலையைப் பற்றிக் கேட்ட நீங்கள், அந்த ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இந்தக் கணக்கு விளங்க இயற்பியலும் வேதியியலும் மண்ணின் அடுக்குகளைப் பற்றிய அறிவும் வேண்டும். ஆகவே இளங்கலையில் புவியியல் அல்ல, நிலவியல், அதாவது ஜியாலஜி, படிக்கட்டும். தண்ணீரை முதுகலையில் பிடித்துக்கொள்ளலாம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: புதுப்பெயர் சூட்டிய பட்டத்தோடு அரசுப் பணிக்கு விண்ணப்பித்தால், அது கேட்கப்பட்ட பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை காட்டச் சொல்வார்கள், அந்த ஆணை இல்லாமல் அலைகிற பிள்ளைகள் உண்டு. விளம்பரத் தாளில் இது இருக்காது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் விஞ்ஞானிப் பணிக்கு யூபிஎஸ்சி நடத்தும் தேர்விலும் நிலவியல், நீர்நிலவியல் போன்றவற்றில் முதுகலைதான் கேட்கிறார்கள்.

தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. பொறியியல் பிடிக்குமென்றால், திருச்சி பக்கம் குமுளூர் வேளாண் பொறியியல் கல்லூரி போன்றவற்றில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளென்றால், எந்தப் பட்டப்படிப்பானாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பின்னாளில் கேட் (GATE) என்ற பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வெழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு; வடக்கே உத்தராகண்டில் உள்ள ரூர்க்கி ஐஐடியில் நீரியலுக்கென்றே தனித்துறை 1972 முதல் நடக்கிறது. அது இன்னும் தூரம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பிக்கும்போது அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே கல்லூரிக்குள் கட்டணம் அதனால்தான் மாறுகிறது.