முகமூடி போட்ட வேலைக்காரன் ஏன் சிரிப்பு மூட்டவில்லை?

கேள்வி: இத்தாலிய நாடகாசிரியர் கோல்டோனியின் ‘இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்’ நாடகத்திலிருந்து சில காட்சிகளை எங்கள் கல்லூரிக் குழு மேடையேற்றுகிறது. அந்த வேலைக்காரன் த்ருஃபால்தீனோவின் வேடம் எனக்கு. ஓடுகிறேன், குதிக்கிறேன், விழுகிறேன். ஒத்திகை பார்ப்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. முகமூடி அணிந்தால் இன்னும் மோசம், முகபாவமே எடுபடவில்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். அவன் எதற்காக ஓடுகிறான் என்பது பார்ப்பவருக்குத் தெரியாதவரை எவ்வளவு வேகமாக ஓடியும் பயனில்லை. அவன் ஓடுவதற்குக் காரணம் பசி. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிறந்த முகமூடி நாடகத்தின் வேலைக்காரர்களுக்கு ‘ட்ஸான்னி’ என்று பெயர். பெர்கமோ மலைப்பக்கத்திலிருந்து வெனிஸுக்குப் பிழைக்க வந்து மூட்டை சுமந்தவர்களைப் பார்த்து உருவான வேடம் அது. அந்தச் சுமை உடம்பில் தெரிய வேண்டும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகின் கீழ்ப்பகுதியைச் சற்று வளைத்து நில்லுங்கள். தொடை வலிக்கும். தினமும் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போனால் பழகிவிடும். வலி தாங்காமல் காட்சி நடுவே நிமிர்ந்துவிட்டால் அந்த நொடியில் வேலைக்காரன் மறைந்து கல்லூரி மாணவன் தெரிவான்.

அடுத்தது, நீங்கள் எந்த ட்ஸான்னி என்பதில் தெளிவு வேண்டும். மரபில் இரண்டு பேர் உண்டு. முதலாமவன் பிரிகெல்லா: பச்சைக் கரை வைத்த வெள்ளை உடுப்பு, இடுப்பில் பணப்பையும் குத்துவாளும். திட்டம் போடுபவன், பூனை நடை நடப்பவன். இரண்டாமவன் அர்லெக்கினோ: ஒட்டுப்போட்ட உடை, கறுப்பு அரைமுகமூடி. அந்தத் திட்டத்தைக் குட்டிச்சுவராக்குபவன். த்ருஃபால்தீனோ இந்த இரண்டாமவனின் இனம். ஆனால் புதிதாக நடிப்பவர்கள் அவனைப் பிரிகெல்லாவாக்கிவிடுகிறார்கள்: எல்லாம் தெரிந்த சிரிப்பு, கண் சிமிட்டல், எல்லோரையும் முந்திக்கொள்ளும் சாமர்த்தியம். அவனுக்கு அப்படி எந்தத் திட்டமும் கிடையாது. இரண்டு சம்பளம், இரண்டு சாப்பாடு என்று கண்ணில் பட்டதும் இரண்டாவது வேலைக்கும் தலையாட்டிவிடுகிறான். பிறகு ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். அவன் மாட்டிக்கொள்ளப்போவது பார்வையாளருக்கு ஒரு நொடி முன்னதாகவே தெரிய வேண்டும், அவனுக்கு ஒரு நொடி தாமதமாக. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதைப் பயிற்சி செய்ய ரொட்டிக் காட்சி போதும். ஒரு எஜமானரின் கடிதத்தை இன்னொருவர் பிரித்துவிட்டார். மறுபடி ஒட்டியாக வேண்டும். பாட்டி செய்ததைப் போல ரொட்டியை மென்று பசையாக்கப் பார்க்கிறான். பசியில் அது தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. மறுபடி மெல்கிறான், மறுபடி இறங்குகிறது. இப்படித் தனியாகக் கழன்று நிற்கும் சிரிப்புத் துணுக்குகளை ‘லாட்ஸி’ என்பார்கள். நடிகர்கள் இவற்றைக் கைவசம் வைத்திருந்து தேவையான இடத்தில் செருகுவார்கள். கோல்டோனி 1745இல் அந்தோனியோ சாக்கி என்ற நடிகருக்காக இந்த நாடகத்தை எழுதியபோது பல இடங்களை அவருடைய கற்பனைக்கே விட்டிருந்தார். வசனம் முழுவதையும் பின்னர்தான் எழுதி முடித்தார்.

ரொட்டியை மூன்று முறை விழுங்கினால் போதும், மூன்றும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. முதல் முறை விழுங்கியதே அவனுக்குத் தெரியாது. கடிதத்தை எடுத்து ஒட்டப்போகும்போதுதான் வாய் காலி என்று புரிகிறது. இரண்டாம் முறை விழுங்கக் கூடாது என்று கவனமாக மெல்கிறான், ருசி ஜெயித்துவிடுகிறது. மூன்றாம் முறை தொண்டையோடு சண்டையே நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ரொட்டி, கடிதம், பார்வையாளர் என்ற வரிசையில் தலை திரும்பட்டும். இரண்டை ஒரே நேரத்தில் பார்த்தால் எதுவும் பதியாது. மெல்லுவதற்கு நிஜ ரொட்டியே வேண்டும், ஆனால் சுண்டு விரல் நகத்தளவுத் துண்டு போதும். பெரிய துண்டானால் புரையேறும், வசனமும் போகும்.

முகமூடிக்குள் கண்ணையும் புருவத்தையும் ஆட்டிப் பயனில்லை, யாருக்கும் தெரியாது. உங்கள் மூக்குதான் இனி கண். எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கி முழுத் தலையும் திரும்பி, ஒரு கணம் நின்று, பிறகு உடம்பு தொடர வேண்டும். மோவாயைத் தாழ்த்தினால் தந்திரம் தெரியும், உயர்த்தினால் வெகுளித்தனம். பக்கவாட்டில் நீண்ட நேரம் நிற்காதீர்கள். முகமூடியைக் கையால் தொடவே கூடாது. தொட்டால் அது வெறும் பொருளாகிவிடும். 1947இல் மிலானின் பிக்கோலோ தியேட்டரில் இதே வேடம் ஏற்ற மார்செல்லோ மொரெத்தி, தொடக்கத்தில் முகமூடி வேண்டாமென்று முகத்தில் கறுப்பு தீட்டிக்கொண்டுதான் நடித்தார். அம்லேத்தோ ஸார்தோரி செய்த தோல் முகமூடிக்கு அவர் பின்னர் பழகிக்கொண்டார். எனவே உங்களுக்குச் சிரமமாக இருப்பது இயல்புதான். கடைசி வாரத்தில் அல்ல, இன்றைக்கே அணிந்து ஒத்திகை பாருங்கள்.

தோல் கிடைக்காவிட்டால் களிமண் அச்சில் வாசலின் தடவி, காகிதக்கூழ் முகமூடி செய்யலாம். ஆறேழு அடுக்கு காகிதம், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது; அவசரப்பட்டால் வளைந்துவிடும். மேலுதடு முழுவதும் வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வசனம் உள்ளேயே அடைபடும். கண் துளையைச் சிறிதாக வெட்டி, தேவைக்கேற்பப் பெரிதாக்குங்கள். பளபளப்பான வார்னிஷ் பூசாதீர்கள். மேடை விளக்கு அதில் பட்டுத் தெறித்தால் முகத்தின் மேடுபள்ளம் எல்லாம் அழிந்துபோகும். நெற்றியிலும் கன்னத்திலும் உட்புறமாக மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டினால் வியர்வையில் வழுக்காது.

சக நடிகரை அடிப்பதுபோல் சத்தம் எழுப்ப, வேலைக்காரன் இடுப்பில் செருகியிருக்கும் அடிகோலுக்கு ஒன்றரை அடி நீளமுள்ள மெல்லிய மரப்பட்டைகள் இரண்டு வேண்டும். கைப்பிடிப் பக்கம் நடுவே சிறு மரத்துண்டு வைத்து இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனையில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பட்டைகள் ஒன்றோடொன்று மோதுவதில்தான் ‘பட்’ சத்தம் வரும், அதனால் பலமாக அடிக்கத் தேவையே இல்லை. இடைவெளி அதிகமானால் சத்தம் பிந்தும், குறைந்தால் வராது. விளிம்பால் அடித்தால் சக நடிகருக்குக் காயம். தட்டையான பக்கத்தால், பின்புறத்திலோ தொடையிலோ மட்டும் அடியுங்கள். ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்பும் பட்டைகளில் சிலாம்பு கிளம்பியிருக்கிறதா என்று பார்த்து உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.