நாடு கடத்தலும் வர்த்தக ஒப்பந்தமும் ஒரு படிப்பா?

கேள்வி: மேலூரில் அரிசிக்கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு. பி.காம் சேர்த்து சி.ஏ. படிக்க வைக்கலாம் என்றிருந்தேன். நாடு கடத்தல், வரி, மனித உரிமை என்று டிவியில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "நாடுகளுக்கு நடுவுல நடக்கிற வர்த்தகப் பேச்சுவார்த்தையப் பத்தித்தான் படிப்பேன்" என்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா? சோறு போடுமா?

பதில்: சோறு போடும், ஐயா. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். சட்டம், பொருளாதாரம், கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றை ஆழமாகவும் மற்ற இரண்டை வேலைக்கு ஆகும் அளவுக்கும் கற்றவர்களுக்குத்தான் இந்தத் துறையில் இடம். எந்த ஒன்றை ஆழமாகப் படிப்பது என்று முடிவு செய்யும் முன், இந்த வேலை உள்ளே எப்படி நடக்கிறது என்பதை நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு கல்லூரி ஏஜென்ட் யார் வந்து என்ன சொன்னாலும் எடை போட முடியும்.

உங்கள் மகளைப் பிடித்து இழுத்தது அநேகமாகக் கொலம்பியா செய்தியாக இருக்கும். 2025 ஜனவரி 26 அன்று, அமெரிக்கா ராணுவ விமானங்களில் திருப்பி அனுப்பிய தன் குடிமக்களை இறக்க அந்த நாடு அனுமதி மறுத்தது. சில மணி நேரத்தில் கொலம்பியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி, ஒரு வாரத்தில் அது 50 சதவீதம் என்று டிரம்ப் அறிவித்தார். அன்றைக்கே கொலம்பியா இறங்கி வந்தது. இரு நாடுகளுக்கும் இடையே 2012 மே மாதத்திலிருந்தே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அது கையில் இருந்தும் காப்பாற்றவில்லை. கொலம்பியா அமெரிக்காவுக்கு அனுப்பும் சரக்கில் பூவும் உண்டு, பிப்ரவரி 14 நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தாமதம் பூவுக்கு என்ன செய்யும் என்பதை மாட்டுத்தாவணி பூ வியாபாரிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுங்கத் தாளில் மதுரை மல்லிக்கும் கொலம்பியா ரோஜாவுக்கும் ஒரே தலைப்புதான்: 0603, கொய்மலர்.

இது டிரம்ப் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. குடிமக்களை வெளியேற விடாத சோவியத் யூனியனுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்று 1974லேயே அமெரிக்கா சட்டம் போட்டது. ஜாக்சன்-வானிக் திருத்தம் என்று பெயர். ரஷ்யாவுக்கு அதை நீக்க 2012 டிசம்பர் ஆனது.

டிவியில் வருவது இந்த மிரட்டல் ரகம். மேசையில் நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும், சம்பளம் தருகிற வேலையும் அங்கேதான். இந்தியா - பிரிட்டன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தரப்பு வழக்கமாகக் கேட்பது, நம் ஐ.டி. ஊழியர், செவிலியர், கணக்காளர் போன்றோர் தற்காலிகமாகப் போய் வேலை பார்த்துத் திரும்ப வசதி. உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தத்தில் இதை நான்காம் முறை என்பார்கள். எதிர்த்தரப்பு உடனே கேட்கும் கேள்வி, "விசா முடிந்தும் தங்கிவிட்டவர்களைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" என்பது. நாடு கடத்தல் வர்த்தகப் பேச்சுக்குள் நுழைகிற வாசல் இதுதான்.

ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலை வர்த்தக ஒப்பந்தத்தில் தேடினால் கிடைக்காது. 2021 மே 4 அன்று இரு நாடுகளும் கையெழுத்திட்ட குடிபெயர்வு - இடப்பெயர்வுக் கூட்டாண்மை என்கிற தனித்தாளில் அது இருக்கிறது. ஒன்று பிசகினால் மற்றது ஆடும். 2022 அக்டோபரில் பிரிட்டனின் அப்போதைய உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், விசா காலம் தாண்டித் தங்குவோரில் இந்தியர்களே அதிகம், அந்த 2021 ஏற்பாடு அவ்வளவாகப் பலன் தரவில்லை என்று பேட்டி கொடுத்தார். அந்தத் தீபாவளிக்குள் வர்த்தக ஒப்பந்தத்தை முடிப்பதாக இரு தரப்பும் சொல்லியிருந்தன. முடியவில்லை. அந்தப் பேட்டி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், லண்டனில் அப்போது ஆட்சியே ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் டெல்லியில் கசப்பு உண்டானது. வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 ஜூலை 24. தற்காலிகமாக அங்கே அனுப்பப்படும் ஊழியர் 3 ஆண்டுவரை அங்கே சமூகப் பாதுகாப்புத் தொகை கட்ட வேண்டாம் என்ற ஏற்பாடும் அந்தப் பேச்சிலேயே வந்தது.

திருப்பி எடுத்துக்கொள்வது என்றால் விமானத்தில் ஏற்றி அனுப்புவதோடு முடிகிற காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஆள் இந்தியர்தானா என்று முதலில் உறுதியாக வேண்டும். பாஸ்போர்ட் இல்லையென்றால் பெயர், ஊர், விரல்ரேகை எல்லாம் தூதரகத்துக்கு வந்து, அங்கிருந்து உள்ளூர்க் காவல் நிலையம் வரை விசாரணை போகும். சரி என்றால் ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லுகிற அவசரச் சான்று கொடுப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் விஷயத்தில் இன்ஷியல் ஒரு தலைவலி. ஒரு தாளில் அப்பா பெயர் பின்னால் குடும்பப் பெயராக நிற்கும், இன்னொரு தாளில் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் நாள் ஓடிவிடும். எதிர்த்தரப்புக் கோப்பில் அது "ஒத்துழைக்காத நாடு" என்று ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட நாடுகளுக்கு விசா விதிகளை இறுக்க 2020லிருந்து சட்டம் வைத்திருக்கிறது. 2021 அக்டோபரில் காம்பியா மீது பயன்படுத்தியும் விட்டது. வரிச்சலுகையையும் இதோடு இணைக்க 2021 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் வரைவு வைத்தது.

மனித உரிமை நுழைவது வேறு வாசல் வழியாக. ஐரோப்பிய ஒன்றியம் ஏழை நாடுகளின் பொருளுக்கு வரி குறைக்கும். ஜி.எஸ்.பி. பிளஸ் என்கிற கூடுதல் சலுகை வேண்டுமென்றால் 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். சித்திரவதை தடுப்பு, குழந்தை உரிமை, தொழிலாளர் உரிமை எல்லாம் அதில் வரும். இலங்கை போருக்குப் பின் 2010 ஆகஸ்டில் இந்தச் சலுகையை இழந்தது. 2017 மே மாதத்தில்தான் திரும்பப் பெற்றது. நடுவில் கிட்டத்தட்ட ஏழு வருடம் அங்கே தைத்த சட்டைக்கு ஐரோப்பாவில் கூடுதல் வரி. இந்தச் சலுகை இப்போதைய வடிவத்துக்கு வர இந்தியாவே ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் பாகிஸ்தான் உள்ளிட்ட சில நாடுகளுக்கு மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் சலுகை கொடுத்ததை எதிர்த்து இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2004ல் வென்றது. அதன்பின் ஒன்றியம், யார் நிபந்தனையை நிறைவேற்றினாலும் கிடைக்கும் என்று விதியை மாற்றி எழுதியது.

தொழிலாளர் உரிமையை வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்க்கவே கூடாது, அது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை என்று 1996 சிங்கப்பூர் மாநாடு தொட்டே இந்தியா பிடிவாதமாக நின்றது. இப்போது இளகியிருக்கிறது. 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளோடு போட்ட ஒப்பந்தத்திலும் பிரிட்டன் ஒப்பந்தத்திலும் அதைப் பேசும் அத்தியாயம் உண்டு. மீறினால் வழக்காட முடியாதபடி எழுதியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அத்தியாயம் வந்துவிட்டால் அதைப் படித்து, கணக்குக் காட்டி, பதில் எழுத ஆள் வேண்டும். உங்கள் மகளுக்கான வேலை அங்கேதான் பிறக்கிறது.

அதற்கு ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் திண்டுக்கல். அந்த மாவட்டத்தின் தையல் ஆலை ஒன்றில் வேலை பார்த்த பெண் 2021ல் கொல்லப்பட்டார். 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் வெளிநாட்டு பிராண்டும் சேர்ந்து திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்றைப் போட்டார்கள். இருந்தும் அந்த ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பு என்ற சந்தேகத்தில் அந்த ஆலைச் சரக்கை நிறுத்தியது. செப்டம்பரில் விடுவித்தது. அந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்ததும் அதன் வேலைகள் தாளில் பதிவாகியிருந்ததும் விடுதலைக்குக் கைகொடுத்தன.

ஆலை விதிப்படி நடக்கிறதா என்று சரிபார்த்துப் பதிவு வைக்கும் இந்த வேலைக்கு ஆலைகளில் 'கம்ப்ளையன்ஸ்' என்று பெயர். சம்பளப் பதிவேடு, ஓவர்டைம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுதியில் இருக்கும் பெண்கள் வெளியே போய்வர அனுமதி, வடமாநிலத் தொழிலாளியிடம் புரோக்கர் வாங்கிய பணம், பாலியல் புகார்க் குழுவின் கூட்டக் குறிப்பு என எல்லாம் பார்க்க வேண்டும். நூல் மில் என்றால் பருத்தி எங்கிருந்து வந்தது என்பதும் சேரும். சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்த எதுவும் கட்டாய உழைப்பில் விளைந்ததாகவே கருதப்படும் என்பது 2022 ஜூன் 21 முதல் அமெரிக்கச் சட்டம். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளர் பொறுப்பு. சரக்கு பிடிபட்டால் பதில் சொல்ல 30 நாள். அந்த இறக்குமதியாளர் முதலில் போன் போடுவது நம் ஊர் மில்லுக்குத்தான். பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் மிக்ஸிங், அதாவது பல பேல்களின் (பஞ்சுப் பொதிகளின்) பஞ்சை ஒன்றாகக் கலக்கும் கட்டம். பேல் வந்தபோது லாட் எண் இருக்கும், நூலாக வெளியே போகும்போது வேறு எண் இருக்கும். நடுவில் எந்தப் பேல் எந்த நாளில் எந்த மிக்ஸிங்கில் விழுந்தது என்ற பதிவு அரைகுறையாக இருக்கும். இந்தச் சங்கிலியை ஒழுங்காகக் கோத்து வைக்கத் தெரிந்த பட்டதாரிக்குத் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மூன்றிலும் மதிப்பு உண்டு.

இனி படிப்பு. என் கணிப்பில் உங்கள் மகளுக்கு முதல் தேர்வு ஐந்தாண்டுச் சட்டம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வில் 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான ஒவ்வொரு பதிலுக்கும் கால் மதிப்பெண் போகும். திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் அதன்வழிதான். ரேங்க் வரவில்லையென்றால் மதுரை அரசு சட்டக் கல்லூரியைக் குறைவாக நினைக்காதீர்கள். செலவு குறைவு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பக்கத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டினர் வழக்கு நடத்தும் வக்கீலிடம் விடுமுறையில் பயிற்சி கிடைத்தால் விடக்கூடாது. உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு. அதில் கையெழுத்திடாத இந்தியாவில் இந்தக் கொள்கை எப்படி வாதாடப்படுகிறது என்பது பாடப் புத்தகத்தைவிட நீதிமன்றத்தில்தான் புரியும்.

அடுத்தது பொருளாதாரம். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் மாதிரி இடத்தில் பி.ஏ. முடித்து, டெல்லியில் உள்ள இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனத்தில் எம்.ஏ. முயலலாம். அரசுக்காக வர்த்தகச் சட்டம் ஆராயும் மையமும் அங்கேயே இருக்கிறது. ஒரே நிபந்தனை, கணிதத்தை விட்டுவிடக் கூடாது. வணிகவியல் பிரிவில் வணிகக் கணிதம் எடுக்காமல் விட்டிருந்தால் இப்போதே தனியாகப் படிக்கத் தொடங்கட்டும். சர்வதேச உறவுகள் மட்டும் படித்து, கணக்கும் வராமல் சட்ட வாசகமும் புரியாமல் கருத்து மட்டும் சொல்லத் தெரிந்த பட்டதாரிகள்தான் வேலை கிடைக்காமல் திண்டாடுவது.

உங்கள் சி.ஏ. ஆசையும் வீண் போகாது. ஒப்பந்தப்படி வரி குறைய, பொருளின் மதிப்பில் எத்தனை சதவீதம் இங்கே கூட்டப்பட்டது என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தச் சான்றுக்குக் கணக்காளர்தான் தேவை.

யு.பி.எஸ்.சி. வழியாக இந்திய வர்த்தகப் பணி உண்டு. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. பட்டம் முடித்தபின் கூடுதல் முயற்சியாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி உட்காரக் கூடாது.

வெளிநாட்டு முதுநிலை என்று கடன் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பிரிட்டனில் படிப்புக்குப் பிந்தைய வேலை விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. காலம் தாண்டி 30 நாளுக்கு மேல் தங்கினால், சொந்தச் செலவில் திரும்பினாலும் ஓராண்டு நுழைவுத் தடை. வெளியேற்றப்பட்டால் அது 10 ஆண்டுவரை போகும். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்கிற ஏஜென்ட் வார்த்தையை நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

சேர்க்கைக்கு முன் ஒரு சோதனை வையுங்கள். பிரிட்டன் ஒப்பந்தத்தின் முழு வாசகமும் வர்த்தக அமைச்சகத் தளத்தில் இலவசம். ஆட்கள் தற்காலிகமாகப் போய்வருவது பற்றிய அத்தியாயத்தை அவள் படித்து, உங்களுக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரட்டும். உங்கள் கடையில் விற்கும் புழுங்கலரிசி சுங்க வரி அட்டவணையின் 1006 தலைப்பில் எந்த எட்டு இலக்க எண்ணில் வருகிறது, அங்கே அதற்கு என்ன வரி என்றும் கண்டுபிடிக்கட்டும். இதற்கு இரண்டு வாரம் போதும். முடித்துவிட்டு இன்னும் கேட்டால் சட்டத்துக்கு அனுப்புங்கள். வரி அட்டவணை பிடித்து வாசகம் அலுத்தது என்றால் பொருளாதாரம் அல்லது சி.ஏ. இரண்டுமே அலுத்தால் பி.காம் சேருங்கள், கம்ப்ளையன்ஸ் வேலைக்கு அங்கிருந்தும் வழி உண்டு. கிளாட் விண்ணப்பம் வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடும், தேர்வு டிசம்பர் முதல் வாரத்தில். அதைக் கணக்கு வைத்துச் சோதனையைக் காலாண்டு விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.