கேள்வி மேசை: பழைய லென்ஸும் ரேஞ்ச்பைண்டர் கமராவும்

இம்முறை ரேஞ்ச்பைண்டர் கமராவில், அதாவது கண்ணறையில் தெரியும் இரட்டை உருவை ஒன்றாகச் சேர்த்துப் போகஸ் செய்யும் கமராவில், பழைய லென்ஸ் மாட்டுவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்திருக்கிறோம். அளவுகளை எழுதி அனுப்பியவர்களுக்கு நன்றி. "மங்கலாக வருகிறது" என்று மட்டும் எழுதினால் எங்களால் குறிதான் சொல்ல முடியும், பதில் சொல்ல முடியாது.

கே: லைக்கா எம்6 இல் அடப்டர் (திருகு லென்ஸை எம் பொருத்தில் மாட்டும் வளையம்) போட்டு ஜுப்பிட்டர்-8 என்ற சோவியத் 50 மி.மீ. லென்ஸ் பாவிக்கிறேன். தூரக் காட்சி நன்றாக இருக்கிறது. ஒரு மீற்றரில் எஃப்/2 இல், அதாவது முழுத்திறப்பில், முகம் எடுத்தால் கண் மங்கி, நெற்றியோர முடி கூர்மையாக விழுகிறது. அடப்டரை மாற்றவா? (வெள்ளவத்தை)

ப: அடப்டரை விடுங்கள், அது குற்றவாளி அல்ல. லைக்காவில் லென்ஸின் பின்வளையம் முன்பின்னாக நகர்வதை ஓர் உருளை தொட்டு உணர்கிறது. அந்த உருளை 51.6 மி.மீ. குவியத்தூரத்துக்கு அமைக்கப்பட்டது. ஜுப்பிட்டர்-8 சைஸ் நிறுவனத்தின் சோனார் லென்ஸின் வழிவந்தது. முகப்பில் 5 செ.மீ. என்று பொறித்திருந்தாலும் அதன் உண்மையான குவியத்தூரம் 52.4 மி.மீ. அளவில் இருக்கும்.

முடிவிலியில், அதாவது மிகத் தூரக் காட்சியில், இந்த வேறுபாடு தெரியாது. ஒரு மீற்றரில் 51.6 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 2.98 மி.மீ. முன்னே வரவேண்டும், 52.4 மி.மீ. லென்ஸுக்கு 3.08 தேவை. உருளை 2.98 இலேயே "சேர்ந்துவிட்டது" என்று காட்டிவிடுகிறது. பற்றாக்குறை 0.1 மி.மீ. தான், ஆனால் அது ஒரு மீற்றரில் போகஸை மூன்று சென்ரிமீற்றர் அளவுக்குப் பின்னே தள்ளுகிறது. எஃப்/2 இல் பிலிம் பக்கம் பொறுக்கக்கூடிய பிழை 0.06 மி.மீ. எஃப்/4 இல் 0.12. நீங்கள் எஃப்/4 இல் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

வழி, கண்ணாடித் தொகுதிக்கும் போகஸ் குழலுக்கும் நடுவே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய இடைவளையத்தோடு இன்னொன்று சேர்ப்பது. முழு 0.1 மி.மீ. வைக்காதீர்கள். வைத்தால் அண்மை சரியாகும், ஆனால் முடிவிலித் தடையில் லென்ஸ் 27 மீற்றரைத்தான் பார்க்கும். தூரக் காட்சிக்கு எஃப்/4 வரை மூடவேண்டி வரும். பாதி, அதாவது 0.05 மி.மீ. வையுங்கள். தூரத்தில் 0.05 பிழை, ஒரு மீற்றரிலும் 0.05 பிழை, இரண்டுமே எஃப்/2 இன் 0.06 க்குள் அடங்கிவிடும். முகம் மட்டும் எடுப்பவர் முழுதாக வைக்கலாம்.

கழற்றுவதற்கு முன் இப்போதைய நிலையைப் பாருங்கள். எம்6 இன் அடித்தகட்டைக் கழற்றிப் பின்கதவைத் தூக்குங்கள். 35 மி.மீ. அகலத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டிய கண்ணாடித் துண்டின் ஒரு பக்கம் மங்கல் செலோடேப்பை ஒட்டி, ஒட்டிய பக்கம் லென்ஸைப் பார்க்க, பிலிம் படியும் உள் தண்டவாளத்தில் வையுங்கள். வெளித் தண்டவாளத்தில் வைத்தால் அளவு முழுதும் பிழை. ஷட்டரை பி இல் வைத்து, பூட்டும் கேபிளால் திறந்து பிடித்து, பத்து மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். முடிவிலிக்குக் காலிமுகத்திடலில் இருந்து தாமரைக் கோபுரத்தின் உச்சி போதும். 500 மீற்றருக்கு அப்பால் உள்ள எதுவும் 50 மி.மீ. லென்ஸுக்கு முடிவிலிதான். பகலில் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவேண்டாம். லைக்காவின் துணித்திரை ஓட்டையாவதற்குத் திறந்த லென்ஸும் உச்சி வெயிலும் சில விநாடிகளும் போதும்.

அண்மைக்கு ஐந்து ஏஏ பற்றரிகளை ஒன்றின் பின் ஒன்றாக, 2 செ.மீ. ஆழ இடைவெளியில், சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். நடுப் பற்றரியின் எழுத்தில் ரேஞ்ச்பைண்டரைச் சேர்த்துவிட்டு, எது கூர்மை என்று கண்ணாடியில் பாருங்கள். முதலில் பிழையில்லாத இன்னொரு லென்ஸால் இதையே செய்தால், பிழை கமராவிலா லென்ஸிலா என்பதும் தெரிந்துவிடும். தூரமும் அண்மையும் ஒரே பக்கமாகத் தவறினால் இது குவியத்தூரப் பிணக்கு அல்ல. முன்பு யாரோ கழற்றியபோது ஷிம்மைத் தொலைத்துவிட்டார்கள் என்று பொருள்.

கழற்றுவது எளிது. போகஸ் வளையத்தை ஒரு கையால் பிடித்து, முன்பகுதியை இடப்பக்கமாகத் திருப்பினால் கண்ணாடித் தொகுதி புரியில் இருந்து கழன்று வரும். இறுகியிருந்தால் ரப்பர் கையுறை போடுங்கள். குறடு கிட்டவே வரக்கூடாது. உள்ளே இருக்கும் பழைய ஷிம்மைத் தாளில் வைத்து வரைந்தால் அதுவே அச்சு. மெல்லிய பித்தளைத் தகடு கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாள் போதும். அதன் தடிப்பு பெட்டிக்குப் பெட்டி மாறும், ஆகவே பத்து மடிப்பாக மடித்து மைக்றோமீற்றரில் அளந்து பத்தால் பிரியுங்கள். ஒரு தாள் 0.016 வந்தால் மூன்று வளையம் வெட்டுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் மடிந்து தடிப்புக் கூடிவிடும். புதிய அலகுக் கத்தியால் கண்ணாடியின் மேல் வெட்டுங்கள்.

திரும்பப் பூட்டும்போது எஃப் எண்களின் குறி மேலே நிற்காமல் பக்கவாட்டில் போயிருக்கும். ஷிம் கூடியதால் தொகுதி முன்பைவிட முந்தியே இறுகி நின்றுவிட்டது, அவ்வளவுதான். படத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறியை மேலே கொண்டுவர ஆசைப்பட்டு இன்னும் முறுக்கினால் அலுமினியத் தாள் நசுங்கும், செய்த வேலை வீணாகும்.

கே: மலிவு அடப்டர் ஒன்று வாங்கினேன். 50 மி.மீ. லென்ஸ் முடிவிலித் தடையில் நிற்கும்போது ரேஞ்ச்பைண்டரில் நிலவு இரண்டாகத் தெரிகிறது. ஆனால் எடுத்த படங்கள் கூர்மை. எப்படி? (தெகிவளை)

ப: நல்ல அவதானிப்பு. லைக்கா திருகு லென்ஸின் பொருத்துதளத்துக்கும் பிலிமுக்கும் 28.80 மி.மீ. எம் பொருத்தில் 27.80. அடப்டர் இந்த 1.00 மி.மீ. வித்தியாசத்தை நிரப்பவேண்டும். உங்களுடையது 1.05 போல இருக்கலாம். விளிம்பில் நான்கு இடத்தில் மைக்றோமீற்றரால் அளந்து பாருங்கள், 0.98 முதல் 1.02 வரை ஏற்கலாம். நான்கு இடமும் நான்கு விதமாக வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

படம் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான 50 மி.மீ. லென்ஸில் பின்வளையமும் கண்ணாடியும் ஒன்றாகவே நகரும். அடப்டர் தடித்தால் இரண்டும் சேர்ந்தே முன்னே போகும். நீங்கள் உருவைச் சேர்க்கும்போது இரண்டும் சேர்ந்தே திரும்பி வந்துவிடும். ஆகவே ரேஞ்ச்பைண்டரால் வைக்கும் போகஸ் கெடாது. முடிவிலி மட்டும் எட்டாது, தூர எண்களும் பொய் சொல்லும். முதற் கேள்வியில் அடப்டரை விடச் சொன்னதும் இதனால்தான்.

இதை நம்பி அதே அடப்டரில் 90 மி.மீ. போட்டுவிடாதீர்கள். 90 இல் கண்ணாடி மூன்று பங்கு நகர்ந்தால் பின்வளையம் ஒரு பங்குதான் நகரும். 0.05 மி.மீ. தடிப்பை ரேஞ்ச்பைண்டரில் சரிக்கட்ட கண்ணாடி 0.15 பின்வாங்கும், மிச்சம் 0.1 மி.மீ. பிழை.

கே: 50 மி.மீ. லென்ஸுக்கு எந்த அடப்டர்? மூன்று வகை சொல்கிறார்கள். (கொட்டாஞ்சேனை)

ப: 50-75 என்று குறித்தது. மற்ற இரண்டு, 28-90 உம் 35-135 உம், கண்ணறையில் வேறு சட்டகக் கோட்டை எழுப்பும். போகஸுக்கு மூன்றும் ஒன்றுதான்.

கே: ஹீலியோஸ்-44 வாங்கினேன், 39 மி.மீ. புரி. சோர்க்கி என்ற சோவியத் ரேஞ்ச்பைண்டரில் திருகி ஏறியது. எவ்வளவு திருப்பினாலும் எதுவுமே தெளியவில்லை. (மருதானை)

ப: அது செனித் என்ற எஸ்எல்ஆர் கமராவின் லென்ஸ். புரியின் விட்டம் ஒன்றுதான், வீடு வேறு. செனித்தில் பிலிம் தூரம் 45.2 மி.மீ., சோர்க்கியில் 28.8. லென்ஸ் 16.4 மி.மீ. அளவுக்குக் கிட்டப் போய்விட்டது. ஹெலிக்கொயிட் (லென்ஸை முன்பின் நகர்த்தும் புரிக்குழல்) முழுதாக நீண்டாலும் 10 மி.மீ.க்குள்தான், ஆகவே அது என்றைக்கும் தெளியாது. 16.4 மி.மீ. இடைவளையம் போட்டால் முடிவிலி வரும், ரேஞ்ச்பைண்டர் இணைப்பு வராது.

திருகும்போது மூன்று நான்கு சுற்றில் இறுகியிருந்தால் உடனே நிறுத்துங்கள். லைக்காப் புரி அங்குலத்துக்கு 26, அதாவது 0.977 மி.மீ. இடைவெளி, செனித் புரி 1 மி.மீ. பலவந்தம் செய்தால் கமராவின் புரிதான் போகும். படம் பெருப்பிக்கும் கருவியின் லென்ஸ்களிலும் இதே 39 மி.மீ. புரி உண்டு. அவற்றுக்குச் சொந்தமாகப் போகஸ் குழலே கிடையாது. வாங்கும்போது ஒரே ஒரு சோதனை போதும்: லென்ஸின் பின்னால் முன்பின் நகரும் பித்தளை வளையமோ நாக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது ரேஞ்ச்பைண்டருக்குப் பிறந்தது அல்ல.

கே: அப்பாவின் பழைய நிக்கோன் லென்ஸ்கள் இருக்கின்றன. லைக்கா எம் பிலிம் கமராவில் போட முடியுமா? (பம்பலப்பிட்டி)

ப: போடலாம். நிக்கோன் எஃப் பொருத்தின் தூரம் 46.5 மி.மீ., ஆக அடப்டர் 18.7 மி.மீ. தடிப்பாக இருக்கும். எம்42 திருகு லென்ஸுக்கு 17.66, கனோன் எஃப்டி பொருத்து லென்ஸுக்கு 14.2. பொதுவாகக் கிடைக்கும் இந்த அடப்டர்கள் உருளையைத் தொடுவதில்லை. தூரத்தை நீங்கள்தான் கணித்து வைக்கவேண்டும்.

28 மி.மீ. லென்ஸ் என்றால் துணிந்து செய்யலாம். எஃப்/8 இல் 3.3 மீற்றரில் வைத்தால் 1.65 மீற்றரில் இருந்து முடிவிலி வரை ஏற்கத்தக்க கூர்மை. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் நடந்துகொண்டே எடுக்க இது போதும். 35 மி.மீ.க்கு அதே எஃப்/8 இல் 5.1 மீற்றர். 50 மி.மீ.க்கு 10.4 மீற்றர் ஆகிவிடும். அதாவது 5 மீற்றருக்கு உள்ளே வருபவர் மங்கல். 50ஐயும் அதற்கு மேலானதையும் நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். 2012 இல் அறிவிக்கப்பட்ட எம் டைப் 240 முதலான, நேரலைத் திரை உள்ள டிஜிட்டல் லைக்கா இருந்தால் கதை வேறு: திரையைப் பார்த்து எந்த லென்ஸையும் போகஸ் செய்யலாம்.

கே: கீவ் கமராவின் ஜுப்பிட்டர்-8 ஐ லைக்காவுக்கு மாற்றலாமா? (வத்தளை)

ப: வெறும் வளையத்தால் முடியாது. கீவில், அதன் மூலமான கொண்டாக்ஸில் போலவே, 50 மி.மீ. லென்ஸின் ஹெலிக்கொயிட் கமராவின் உடலிலேயே இருக்கிறது. லென்ஸை எடுத்தால் போகஸ் கமராவோடு நின்றுவிடும். ஹெலிக்கொயிட்டும் இணைப்பும் உள்ள அடப்டர்கள் செய்யப்பட்டிருக்கின்றன, விலை லென்ஸைவிடப் பல மடங்கு. அந்தப் பணத்துக்குத் திருகு வகை ஜுப்பிட்டரே வாங்கிவிடலாம்.

கே: லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம். கொழும்பில் என்ன செய்தும் திரும்ப வருகிறது. (கிருலப்பனை)

ப: துடைப்பது பாதி வேலை. ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் தழைக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று காலத்தில் இங்கே அது அன்றாடம். காற்றுப்புகாத 10 லீற்றர் சமையலறைப் பெட்டியும், 200 கிராம் சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரமானியும் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும். 30க்குக் கீழே போனால் ஹெலிக்கொயிட் கிறீஸ் காயும். நிறம் மாறிய ஜெல்லை 110 பாகை அவணில் ஓரிரு மணித்தியாலம் வைத்தால் மீளும். தோல் உறையை அந்தப் பெட்டிக்குள் போடவேண்டாம். அழகான பழைய தோல் உறைதான் பூஞ்சணத்தின் விதைநெல் பெட்டி.

துடைப்பதற்கு முதலில் ஐசோபுரோப்பைல் அல்ககோல். போகாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் வீட்டு அமோனியாவும் சம அளவில், சில துளிகள் மட்டும், அவ்வப்போது கலந்து, யன்னலைத் திறந்துவைத்து. மிச்சத்தைப் போத்தலில் மூடி வைக்காதீர்கள், வாயு அழுத்தம் ஏறும். திரவத்தைத் துணியில் தொடுங்கள், கண்ணாடியில் ஊற்றாதீர்கள்: ஒட்டுக் கண்ணாடிகளின் விளிம்பால் இறங்கினால் உள்ளே இருக்கும் பால்சம் பிசின் பிரிந்துவிடும். துடைத்த பிறகும் வலையின் தடம் தெரிந்தால் பூச்சு அரித்துவிட்டது. அது துடைத்துப் போகாது. எதிர்வெளிச்சத்தில் மட்டும் படம் சற்றுச் சாம்பல் பூக்கும்.

கே: கனோனெட் கமரா ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. அதன் 40 மி.மீ. எஃப்/1.7 லென்ஸை எடுத்து லைக்காவில்? (வெள்ளவத்தை)

ப: அதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கவேண்டும், போகஸ் குழல் தனியாகக் கடையவேண்டும், இணைப்பும் இராது. கமராவைத் திருத்தக் கொடுங்கள். அந்த லென்ஸ் அதே உடலில்தான் நன்றாக வேலை செய்யும்.