மைதானத்தில் உள்ளக அரங்கு: உங்கள் கருத்து சபையில் எடுபட என்ன செய்யலாம்?

கேள்வி: நுவரெலியா மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றை ஒட்டிய தோட்டத்தில் வசிக்கிறேன். நகரத்துப் பொது மைதானத்தில் உள்ளக விளையாட்டரங்கு கட்டப்போவதாக நகர சபை அறிவித்திருக்கிறது. பாதிப் பேர் வரவேற்கிறார்கள். மீதிப் பேர் மைதானமே போய்விடும் என்கிறார்கள். ஏப்ரல் சீசனில் அதே மைதானத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளின் சத்தமும் குப்பையும் ஏற்கெனவே எங்களைச் சலிக்க வைத்துவிட்டன. இப்போது ஒரு கருத்துப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'நகர நிகழ்வுகளும் விளையாட்டரங்கும் தேவையா? ஆம் / இல்லை' என்ற ஒரு கேள்விதான் அதில் இருக்கிறது. எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) நகர சபை எல்லைக்கு வெளியே உள்ளது. கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? சொன்னால் எடுபடுமா?

பதில்: சகோதரி, உரிமை உண்டு. ஆனால் அந்தப் படிவத்தில் ஆம் என்றோ இல்லை என்றோ கோடிட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வெவ்வேறான இரண்டு விடயங்களை ஒரே கேள்வியில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 'இல்லை' என்றால் சீசன் வியாபாரத்தை நம்பியிருக்கும் கடைக்காரர் உங்களுக்கு எதிராவார். 'ஆம்' என்றால் மைதானத்தை விட்டுக்கொடுக்கக் கையெழுத்து வைத்ததாகிவிடும். படிவத்தின் ஓரத்தில் 'இரண்டுக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் தருகிறேன்' என்று குறித்து, கடிதம் ஒன்றை இணைத்துக் கொடுங்கள்.

நிகழ்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவை அனுமதி பெற்று வந்து போகிறவை. இந்த ஆண்டு தொல்லை என்றால் அடுத்த ஆண்டு நிபந்தனையை இறுக்கலாம். ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிஸ் வழங்குகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதி கொடுக்கப்படக்கூடாது என்பது 2007 இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளையின் அடிப்படை. சமய விழாக்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் நகர சபைப் பகுதிகளுக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. 'சத்தம் தாங்கவில்லை' என்று எழுதினால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. எந்தத் தேதியில், எத்தனை மணிவரை ஒலித்தது, அனுமதியில் எந்த நேரம் குறிக்கப்பட்டிருந்தது என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். மைதானத்தை வாடகைக்குக் கொடுக்கும்போது துப்புரவுக்கு வைப்புப் பணம் வாங்கினார்களா, குப்பை அள்ளாத ஏற்பாட்டாளருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தார்களா என்பதையும் கேளுங்கள்.

கட்டடம் அப்படியல்ல. எழும்பினால் ஐம்பது வருடத்துக்கு நிற்கும். உங்கள் பலம் முழுவதையும் இதிலேயே போடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

மலைநாட்டில் சமதரை எவ்வளவு அரிது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிரிக்கெட்டும் கரப்பந்தாட்டமும் ஆடுகிற அதே மண்ணில்தான் மே தினக் கூட்டம் நடக்கிறது, காமன் கூத்து ஆடப்படுகிறது, மண் சரிந்தால் குடும்பங்கள் வந்து ஒதுங்குகின்றன. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவிலும் 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போதும் பட்டதை வைத்துப் பார்த்தால், திறந்த வெளி ஒன்றை மூடுவது விளையாட்டுத் துறையோடு முடிகிற தீர்மானமல்ல. நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலை உயர்நில விளையாட்டு வளாகமாக்கும் திட்டம் வந்தபோதும் பந்தயமா பயிற்சியா என்ற இதே இழுபறிதான் எழுந்தது. 1,868 மீற்றர் உயரத்தில் ஒரு சமதரைக்குப் பலர் உரிமை கோருவது இயல்பு.

என்னைக் கேட்டால், உள்ளக அரங்கு தேவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழையில் நம் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், விளையாட இடமின்றி அடைந்து கிடக்கிறார்கள். அதற்காக இருக்கிற ஒரே மைதானத்தை விழுங்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி. மைதானத்தின் ஓரமா நடுவா, எத்தனை பேர்ச் நிலம் போகும், மிச்சமிருக்கும் வெளியில் முழு அளவில் கிரிக்கெட் ஆட முடியுமா என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். அதைப் பார்க்காமல் நடக்கிற வாக்குவாதத்தால் ஊர்தான் இரண்டுபடும்.

வரைபடத்தைப் பெற 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் எல்லைப் பிரச்சினையும் இங்கே தீர்ந்துவிடுகிறது. இந்த உரிமை நாட்டின் பிரஜைகள் எல்லோருக்கும் உரியது. நகர சபைக்கு ஆதன வரி கட்டுகிறீர்களா, வாக்காளரா, சொந்த வீடா என்று யாரும் கேட்க முடியாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. சபையின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

'பொது மைதானத்தில் உத்தேசிக்கப்பட்டுள்ள உள்ளக விளையாட்டரங்கு தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைத் தமிழில் அல்லது உள்ளவாறே தருக: நில அளவைப் படமும் காணி உரிமை ஆவணமும், சபைத் தீர்மானமும் அக்கூட்ட அறிக்கையும், கட்டட வரைபடமும் செலவு மதிப்பீடும், நிதி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் கடிதம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை, அரங்கைப் பராமரிக்கும் ஆண்டுச் செலவின் மதிப்பீடு.'

நேரில் கொடுத்து, அங்கேயே பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் 2 மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இன்னொரு பிரிவு பலருக்குத் தெரிவதில்லை: திட்டம் ஓர் அமைச்சின் கீழ் வருகிறது, உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது என்றால், வேலை தொடங்க 3 மாதங்களுக்கு முன்பே பொறுப்பான அமைச்சர் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் விவரம் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 9 ஆம் பிரிவு சொல்கிறது.

நான் கேட்கச் சொன்ன ஆவணங்களில் மூன்றை முதலில் பாருங்கள். முதலாவது, காணி உரிமை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 க்குப் பின் கம்பனிகளின் கைக்குப் போனதால், நகரை ஒட்டிய மைதானங்களில் சபைக் காணி எங்கே முடிகிறது, தோட்டக் குத்தகைக் காணி எங்கே தொடங்குகிறது என்பது பல இடங்களில் தெளிவில்லை. ஒரு மூலை தோட்டத்துக்குரியது என்றால், அதை விடுவிக்காமல் அங்கே அத்திவாரம் வெட்ட முடியாது. இரண்டாவது, மண்சரிவு அறிக்கை. 2011 முதல் நம் மாவட்டத்தில் கட்டடங்களுக்கு இந்த மதிப்பீடு தேவைப்படுகிறது. மேற்பக்கச் சரிவை எவ்வளவு வெட்டுகிறார்கள், தாங்குசுவர் எங்கே, கூரையில் விழும் மழைநீர் எந்தக் கானில் இறங்குகிறது என்று பாருங்கள். அந்தக் கான் உங்கள் லயத்துப் பக்கமாக ஓடினால், கடிதத்தின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

மூன்றாவது, பராமரிப்புச் செலவு. என் அனுபவத்தில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். கட்டுவதற்குப் பணம் கொழும்பிலிருந்து வரலாம். மின் விளக்குக்கும் காவலாளிக்கும் கூரை ஒழுகினால் திருத்துவதற்கும் சபைதான் தேட வேண்டும். பணம் இல்லாதபோது இரண்டில் ஒன்று நடக்கும். அரங்கு பூட்டிக் கிடக்கும். அல்லது மணித்தியாலக் கட்டணம் ஏறி, கொழுந்து பறிக்கிறவரின் பிள்ளை வாசலில் நின்று பார்க்க வேண்டிவரும். ஆகவே 'அரங்கு வேண்டாம்' என்று எழுதுவதைவிட, 'திறப்பு (சாவி) யாரிடம் இருக்கும்?' என்று எழுதுவது வலுவானது. பாடசாலை விட்ட பின் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை மாணவருக்கு இலவசம், அதில் குறித்த நாட்கள் பெண் பிள்ளைகளுக்கு, முன்பதிவுப் பதிவேடு எவரும் பார்க்கும்படி சபை அலுவலகத்தில், தோட்டத்து இளைஞருக்கும் நகரத்தாருக்கும் ஒரே கட்டணம் என்று நிபந்தனைகளைத் தீர்மானத்திலேயே சேர்க்கும்படி கேளுங்கள். கட்டடம் திறந்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கடிதத்தைத் தவிசாளருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். சபைச் செயலாளர், மைதானம் அமைந்துள்ள வட்டாரத்தின் உறுப்பினர், எதிரணி உறுப்பினர் ஒருவர், பிரதேச செயலாளர், மாகாண உள்ளூராட்சி ஆணையாளர் ஆகியோருக்கும் பிரதி போகட்டும். நீங்கள் பிரதேச சபைப் பகுதியில் இருப்பதால் உங்கள் வட்டார உறுப்பினரையும் அணுகுங்கள். தோட்டங்களில் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த, 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டிருக்கிறது. 'எங்கள் மக்களும் பாவிக்கும் மைதானம் இது' என்று உங்கள் சபை தீர்மானம் நிறைவேற்றி நகர சபைக்கு அனுப்பினால், தனியொருவரின் கடிதத்தைவிட அதற்குக் கனம் அதிகம். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு மீண்டும் மக்கள் தெரிவுசெய்த சபைகள் இருக்கின்றன. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துங்கள்.

தமிழில் எழுதத் தயங்காதீர்கள். தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் தந்த உரிமை. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

'அபிவிருத்திக்கு எதிரானவள்' என்ற பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கம் உங்களைப் போன்ற பலரிடம் இருப்பதை அறிவேன். தனியாகப் போகாதீர்கள். விளையாட்டுக் கழகத்து இளைஞர், கோயில் பரிபாலன சபையினர், கடைக்காரர் ஒருவர், மாதர் சங்கத்தினர் ஆகியோர் சேர்ந்து ஒரே கடிதத்தில் ஒப்பமிடுங்கள். அரங்கை விரும்புகிறவரும் அதில் இருக்கட்டும். வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்பதில் அவருக்கும் ஆட்சேபனை இராது.

நீதிமன்றம் கடைசி வழி. ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டிருங்கள். அடிப்படை உரிமை மனுவை, மீறல் நிகழ்ந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. சபையின் தீர்மானத்தை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கோரவும் வழியுண்டு. அதற்குச் சட்டத்தரணி ஒருவரின் உதவி வேண்டும், தாமதமும் கூடாது. கேள்வி மனு (டெண்டர்) கோரப்பட்டு ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு எந்தச் சபையும் பின்வாங்கத் தயங்கும். ஆகவே தகவல் கோரும் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டில் திகதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.